காக்கையைக் கட்டிப்போட்ட பனையோலை

ஏரிக்கரைக் காட்டுக்குக் காவல் ஒரு காக்கை. கருக்கன் என்று பெயர். வாகை மரத்து உச்சியில் உட்கார்ந்திருக்கும். நரியின் வால் நுனி தெரிந்தால் போதும், கா கா என்று கத்திக் காட்டையே எழுப்பிவிடும். முயல் வளைக்குள் ஓடும். கவுதாரி குஞ்சுகளைப் புதருக்குள் தள்ளும். நரி வெறும் வயிற்றோடு திரும்பும். இந்தக் காவலுக்குக் கூலியும் உண்டு. காலையில் மண்ணைக் கிளறுகிறவர்கள் முதல் புழுவை வாகை மரத்தடியில் வைத்துவிட வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம்.

பட்டினி கிடந்த நரிக்குக் காக்கையைப் பிடிக்கவும் வழியில்லை, விரட்டவும் வழியில்லை. ஆகவே அது காக்கையைப் படிக்க ஆரம்பித்தது. பாறை மறைவில் படுத்துக்கொண்டு, கருக்கன் எதற்குத் துள்ளுகிறது, எதற்குச் சும்மா இருக்கிறது என்று ஒரு கோடை முழுவதும் பார்த்தது. நல்லதுக்குப் படித்திருந்தால் கும்பிடலாம்!

படித்ததில் நரிக்கு ஒன்று விளங்கியது. மரத்தடிப் புழுவைக் கருக்கன் கொத்தித் தின்னும், அவ்வளவுதான். தினமும் வருவது வந்தால் அதில் என்ன அதிசயம்? ஆனால் எதிர்பாராத இடத்தில் ஒரு வெட்டுக்கிளி கிடைத்துவிட்டால் அதன் தலைக்குள்ளே ஏதோ துள்ளியது. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் பறந்து வந்து பார்த்தது. கிடைக்கும் என்று தெரிந்தால் துள்ளல் இல்லை. கிடைக்காது என்று தெரிந்தாலும் இல்லை. கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருந்தால் மட்டும் காக்கை இடத்தை விட்டு நகரவில்லை.

நரி ஒரு காய்ந்த பனையோலையை இழுத்து வந்து பாறை இடுக்கில் செருகியது. அதைச் சலசலவென்று ஆட்டிவிட்டு எங்கோ பொறுக்கி வந்த ஒரு கொழுப்புத் துண்டை வீசியது. கருக்கன் பாய்ந்து வந்து தின்றது. அடுத்த முறை ஆட்டியது, வீசவில்லை. அப்புறம் வீசியது. அப்புறம் வெகுநேரம் வீசவில்லை. சில நாளில் கருக்கன் கொழுப்புக்குத் துள்ளுவதை விட்டுவிட்டு ஓலைச் சத்தத்துக்கே துள்ளத் தொடங்கியது. அதற்குப் பிறகு நரி பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. காற்றடித்தாலும் ஓலை சலசலக்கும் அல்லவா?

வாகை உச்சி காலியானது. பாறையடியில் உட்கார்ந்தவனுக்குப் புதர்க்காடு எங்கே தெரியப்போகிறது!

வரிச்சி என்ற கவுதாரி இரை பொறுக்கிக்கொண்டு புதருக்குத் திரும்பியபோது இரண்டு குஞ்சுகளைக் காணவில்லை. மிச்சமிருந்த ஒன்று வேருக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. காவல் குரல் எழும்பவே இல்லை. வரிச்சி நிமிர்ந்து பார்த்தது, வாகை உச்சியில் காக்கை இல்லை, பாறையடியில் உட்கார்ந்திருந்தது. குஞ்சை முயல் வளைக்குள் விட்டுவிட்டு நேரே பாறைக்குப் பறந்தது.

கருக்கன் இளைத்துத் துரும்பாகியிருந்தது. இறகைக் கோதிப் பல நாளாகியிருக்கும்.

"என் பிள்ளைங்க ரெண்டு பேர் போயிட்டாங்க அண்ணே," என்றது வரிச்சி. "நீ ஏன் கத்தல?"

கருக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல அலகைத் திறந்தது. அந்த நேரம் ஓலை சலசலத்தது. காக்கையின் தலை வெடுக்கென்று ஓலைப் பக்கம் திரும்பிக்கொண்டது. வரிச்சி அங்கே நிற்பதே அதற்கு மறந்துபோயிற்று.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கொழுப்புத் துண்டு வந்து விழுந்தது. கருக்கன் அதை அப்படியே விழுங்கியது. ருசி பார்த்ததா என்றால் இல்லை. விழுங்கும்போதே அதன் கண் மறுபடி ஓலைமேல்தான் இருந்தது. வரிச்சி அதைக் கவனித்துக்கொண்டது.

நரி மெல்ல வெளியே வந்தது. அதன் மீசையில் குஞ்சின் இறகு ஒட்டியிருந்தது. வரிச்சி கிளைமேல் ஏறி, வாயில் வந்தபடியெல்லாம் திட்டியது. நரி கோபப்படவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக முகத்தை வைத்துக்கொண்டது.

"நான் யாரையாவது கட்டிப்போட்டிருக்கேனா, தாயீ? ரெக்கை அவனோடது. வேணாம்னா பறந்து போகட்டுமே!"

சொல்லிவிட்டு, தின்ற மயக்கத்தில் வளைக்குத் தூங்கப் போய்விட்டது.

வரிச்சி எல்லாரையும் கூட்டி நியாயம் கேட்டது. கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? கருக்கன் சோம்பேறி என்றது முயல். மானங்கெட்டவன் என்றது மைனா. அவனை நாலு கொத்து கொத்தினால் புத்தி வரும் என்றது மரங்கொத்தி. நரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நரி நரியாகத்தானே இருக்கும் என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு!

வரிச்சிக்கு ரத்தம் கொதித்தது.

"எய்தவன் அங்கே நிம்மதியாத் தூங்கறான். நீங்க அம்பை நோகறீங்க. ஒருத்தன் தலைக்குள்ளே புகுந்து பார்த்து, எங்கே தொட்டா துள்ளுவான்னு தெரிஞ்சுகிட்டு, அங்கேயே தொட்டுத் தொட்டுப் பிழைக்கிறானே, அது உங்களுக்குக் குத்தமாப் படலையா?"

பிறகு வரிச்சி தன் யோசனையைச் சொன்னது. கருக்கனுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, அந்தச் சத்தத்தைத்தான் செல்லாததாக்க வேண்டும் என்றது.

பனைமரத்தடியில் காய்ந்த ஓலைக்கா பஞ்சம்! முயல்களும் கவுதாரிகளும் இழுத்து வந்தன. நரி தூங்கி எழுவதற்குள் பாறையைச் சுற்றி ஓலைக்காடாகிவிட்டது. எல்லாரும் அதன்மேல் ஓடினார்கள், புரண்டார்கள், குதித்தார்கள். ஒரே சலசலப்பு. கருக்கன் ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளியது. ஒன்றும் விழவில்லை. மறுபடி துள்ளியது. ஒன்றும் விழவில்லை. உச்சி வெயில் வந்தபோது தலையை மட்டும் தூக்கியது. சாயங்காலம் அதுவும் இல்லை. கால் ஓய்ந்துபோன முயலிடம் இன்னும் கொஞ்சம் ஓடச் சொன்னது வரிச்சி. கருக்கன் கண்ணைக்கூடத் திருப்பவில்லை என்று நன்றாகப் பார்த்த பிறகுதான் நிறுத்தியது. இருட்டுவதற்குள் கொண்டு வந்த ஓலைகளையெல்லாம் இழுத்து அப்புறப்படுத்தினார்கள்.

தின்ற மயக்கம் தெளிந்து மறுநாள் காலையில்தான் நரி வந்தது. வழக்கம்போல் ஓலையை ஆட்டிவிட்டு, காக்கை எங்கே என்றுகூடப் பார்க்காமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புதருக்கு நடந்தது. வரிச்சியின் கடைசிக் குஞ்சு வெட்டவெளியில் கிளறிக்கொண்டிருந்தது. நரி பதுங்கியது. வாயைத் திறந்தது.

"கா! கா! கா!"

வாகை உச்சியிலிருந்து வந்தது அந்தக் குரல். குஞ்சு வேருக்குள் பாய்ந்தது. ஏரிக்கரைக் காக்கைகளெல்லாம் திரண்டு வந்து நரியின் தலையில் கொத்தின. நரி பாறைக்கு ஓடி ஓலையைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கியது. கருக்கன் உட்பட ஒரு காக்கையும் திரும்பிப் பார்க்கவில்லை. நரி ரத்தம் ஒழுக ஓடியது, அந்தக் காட்டுப் பக்கம் பிறகு வரவே இல்லை.

கருக்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிச்சியிடம் வந்தது. அடிக்கிறதென்றால் அடி என்றது.

"உன்னை அடிச்சா போனது வருமா?" என்றது வரிச்சி. "மேலே போய் உட்காரு அண்ணே."

ஆபத்து நீங்கிவிட்டது என்று வரிச்சி குஞ்சுகளைப் பழக்கத்தில் பெயர் பெயராகக் கூப்பிட்டது. ஒன்றுதான் ஓடி வந்தது.

ஆசையில் சிக்கியவனைத் திட்டுவது சுலபம். அந்த ஆசையைத் தூண்டிவிட்டு வயிறு வளர்க்கிறவனையே முதலில் தட்டிக் கேட்க வேண்டும்.