சீன எழுத்தும் நாற்பது கூரைகளும்

காற்றை நம்பிக் கப்பல் ஓடிய காலம். கீழைக் கடலோரத்தில் வெண்மணல்துறை என்றொரு பட்டணம். அதைக் கண்டராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் மனதில் பட்டது மத்தியானத்துக்குள் தண்டோராவாகிவிடும். இரண்டுக்கும் நடுவே யோசிக்க நேரமே விடமாட்டான்.

ஒரு வருஷம் சீனத்துக் கப்பல் தலைவன் ஒருவன் ஊர் திரும்புமுன் ராஜாவுக்கு ஒரு பீங்கான் தட்டைக் காணிக்கையாகக் கொடுத்தான். வெள்ளைத் தட்டின் நடுவில், நீல மையில் ஒரே ஓர் எழுத்து.

"இது என்ன?" என்றான் ராஜா.

"பொக்கிஷம் என்று அர்த்தம், மகாராஜா" என்றார் பேச்சை மொழிபெயர்த்த துபாஷி. அவ்வளவுதான், கப்பல் போய்விட்டது.

அரண்மனைப் பொக்கிஷத்தைக் காக்கும் பண்டாரத் தலைவர் ஏகம்பர், அந்த எழுத்தைப் பற்றித் துபாஷியைத் துருவித் துருவி விசாரித்து வைத்திருந்தார். மந்திரி இளங்காரியின் பேச்சு சபையில் எடுபடுவதைக் கண்டு பல வருஷமாக வயிறெரிந்தவர் அவர். ஐப்பசியில் ஒருநாள், ராஜா தட்டையே வெறித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

"மகாராஜா, இது வெறும் எழுத்தா? பாருங்கள். மேலே இருப்பது கூரை. கீழே ஒரு பச்சைக்கல், ஒரு மண்சாடி, ஒரு சோழி. சீனத்தான் நம் ஊரில் ஏதோ ஒரு கூரைக்கடியில் சாடி நிறையப் புதைத்துவிட்டு, உங்களுக்கு ஜாடை காட்டிப் போயிருக்கிறான்."

"சீனத்தார் சொற்களை இப்படித்தான் எழுதுவார்கள், மகாராஜா. இது புதையலுக்கு வழி சொல்லவில்லை" என்றார் மந்திரி.

"மந்திரியார் ஏன் பதறுகிறார்? எந்தக் கூரை என்று அவருக்குத் தெரியுமோ?"

ராஜாவின் கண் மந்திரியின் பக்கம் திரும்பியது.  கூரைக்கடியில் தேடச்சொல்லி மத்தியானம் தண்டோரா போட்டார்கள்.

மாடமாளிகைகளை யாரும் தொடவில்லை. கடற்கரைக் குடிசைகளில் ஆரம்பித்தார்கள். கூரையைப் பிரித்துப் போட்டு, தரையைத் தோண்டினார்கள். எட்டு நாளில் நாற்பது வீடு. கிடைத்தது ஒரு துருப்பிடித்த தூண்டில்முள்ளும் ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசும். மழை விடாமல் பெய்தது. விதைநெல் முளைத்துவிட்டது. உப்பு கரைந்து ஓடியது. குழந்தைகளை முறத்தால் மூடிக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள்.

அடுத்தது சடைச்சியின் வீடு. தென்னங்கீற்று முடைந்து பிழைக்கிறவள். அந்தத் தெருவின் பாதிக் கூரைகள் அவள் முடைந்தவை. வீட்டுக்குள் லியாங் என்ற சீன மாலுமி படுத்திருந்தான். விஷக்காய்ச்சல் என்று அந்தக் கப்பல்காரர்கள் கரையில் இறக்கிவிட்டுப் போனவனை, அவள்தான் கஞ்சி ஊற்றிப் பிழைக்கவைத்தாள். பல தடவை வந்துபோனவன் என்பதால் அவனுக்குத் தமிழ் ஓரளவு வரும். நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். அந்த எழுத்தைப் பற்றி நெடுநேரம் கேட்டாள். பிறகு அவனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மந்திரியிடம் போனாள். மந்திரி இருவரையும் சபைக்குக் கூட்டிவந்தார்.

"மகாராஜா, எந்தக் கூரைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சடைச்சி.

ராஜா எழுந்தே நின்றுவிட்டான். "சொல்!"

"எங்க தெருவில பானை இருக்கு, சோழி இருக்கு. பச்சைக்கல்லை நாங்க கண்ணால பார்த்ததில்லை. மூணும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற இடம் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். உங்க பண்டாரம். ஆளை விட்டுப் பிரிக்கச் சொல்லுங்க."

"ஐயோ!" என்று ஏகம்பர் பாய்ந்து வந்தார். "கொட்டுகிற மழையில் கூரையைப் பிரித்தால் பட்டு, சந்தனம், ஏடு எல்லாம் பாழாகுமே! கூரை போனபின் உள்ளே இருப்பது எதற்கு ஆகும்?"

சடைச்சி அவரை நிதானமாகப் பார்த்தாள். "இதையேதான் ஐயா, நாப்பது வீட்டுக்காரங்களும் உங்க ஆளுங்ககிட்ட அழுதுகிட்டே சொன்னாங்க."



அவள் மடியில் கட்டிவந்த மணலைத் தரையில் பரப்பினாள். லியாங் உட்கார்ந்து, விரலால் எழுதினான். முதலில் கூரை. அப்புறம் கல்லும் சாடியும். கடைசியில் சோழி.

"எங்கள் ஊரில் ஒரு காலத்தில் சோழிதான் காசு" என்றான். "இதை எழுதும்போது முதலில் கூரைதான் போடுவோம். சின்ன வயதில் என் அம்மா என்னை இந்தச் சொல்லால்தான் கூப்பிடுவாள்."

"பிள்ளையையா?" என்றான் ராஜா.

"ஆமாம், மகாராஜா. நீங்கள் 'செல்வமே' என்று கொஞ்சுவீர்களே, அதுபோல."

"மகாராஜா, உங்க கையாலயே அந்தக் கூரையை மட்டும் அழிங்க" என்றாள் சடைச்சி.

ராஜா குனிந்து விரலால் அழித்தான்.

"இப்ப படி, லியாங்."

அவன் வெகுநேரம் பார்த்தான். "இப்படி ஓர் எழுத்து எனக்குத் தெரியாது. ஒரு கல் கிடக்கிறது. ஒரு சாடி. ஒரு சோழி. அவ்வளவுதான்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ராஜா அந்த மணலைப் பார்த்தபடியே இருந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் யோசித்தது அன்றைக்குத்தான் என்பார்கள்.

"உனக்கு என்ன வேண்டும், அம்மா?" என்றான் கடைசியில்.

"உங்க யானைங்க வேணும். நாப்பது கூரைக்கும் மட்டை சுமக்க ஆள் பத்தலை."

யானைகள் மட்டை சுமந்தன. கடைசி வீடு வேயப்படும்வரை சபை திறந்த வெளியில்தான் கூடும், குடை கூடாது என்று ராஜா உத்தரவிட்டான். மந்திரியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டான். ஏகம்பருக்குக் கீற்று முடையும் வேலை. அவர் முடைந்ததைச் சடைச்சி தூக்கிப் பார்ப்பாள், வெளிச்சம் தெரியும். பிரித்து மறுபடி அவர் மடியில் போடுவாள்.

பதினோராம் நாள் கடைசி வீடும் முடிந்தது. ராஜா தனியாக, தெப்பமாக நனைந்து, அந்த வாசலில் வந்து நின்றான்.  உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரிந்தது. 

"நனையறீங்களே. உள்ள வாங்க" என்றாள்.

வாசல் தாழ்வு. ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனான்.