இரண்டாம் பாதி யாருக்கு?

இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கடினம். முழுவதும் கேட்டுவிட்டு யோசியுங்கள்.

வேலாங்கரை மகளிர் கல்லூரியின் கால்பந்து அணி அந்த ஆண்டு கடைசி ஆட்டம் வரும்வரை ஆடியதிலெல்லாம் தோற்றது. சொந்த மைதானத்தில் தோற்றது, வெளியூரில் தோற்றது, மழையிலும் தோற்றது, வெயிலிலும் தோற்றது. ஒரு கோல் விழுந்தால் போதும், பெண்களின் தோள்கள் தொங்கிவிடும். பிறகு கோல்கள் வரிசையாக விழும். இப்படி ஓர் அணி தேவைதானா என்று நிர்வாகமே கேட்கத் தொடங்கியிருந்தது.

பழி முழுவதும் கோல்கீப்பர் இளவஞ்சியின் தலையில் விழுந்தது. முன்னால் நிற்கும் பத்துப் பேரையும் தாண்டித்தான் பந்து அவளிடம் வருகிறது என்பதை யார் நினைத்தார்கள்? வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்தார்கள். ஆனாலும் அவள் அடுத்த ஆட்டத்துக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஜெசிந்தா மாற்று கோல்கீப்பர். இறுதி ஆண்டு மாணவி. விடியற்காலைப் பயிற்சிக்குத் தவறாமல் வருவாள். ஆனால் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. பருவத்தின் நடுவில் ஒருநாள், பயிற்சியாளர் சௌந்தரவல்லியின் முன்னால் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், ஒரே ஒரு தடவை. நான் கோல்ல நிக்கறத எங்க அப்பா பாக்கணும்."

சௌந்தரவல்லி எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "கடைசி மேட்ச்ல செகண்ட் ஹாஃப் உனக்குத்தான். இது நான் குடுக்கற வாக்கு. வீட்ல சொல்லிடு."

இளவஞ்சியும் அங்கேதான் இருந்தாள். சரி என்று தலையசைத்தாள். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் பாதி ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது அன்றைக்கு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

கடைசி ஆட்டம் கோட்டைமேடு கல்லூரியோடு. அந்த ஆண்டு யாரிடமும் தோற்காத அணி அது. பஸ் ஓட்டுநரான ஜெசிந்தாவின் அப்பா லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் பாதியில் நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. இளவஞ்சி அன்று வேறு ஆளாக இருந்தாள். மேல்மூலைக்குப் போன பந்தைப் பறந்து தட்டிவிட்டாள். எதிரியின் காலடியில் பாய்ந்து பந்தை மார்போடு அணைத்தாள். பெனால்டி கிக்கைக்கூடத் தடுத்துவிட்டாள். கேலி செய்ய வந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வேகத்தில் முன்கள வீராங்கனை ரஹ்மத் நிஷா இடப்பக்கமாக ஓடி ஒரு கோல் அடித்தாள். இடைவேளை விசில் ஊதியபோது வேலாங்கரை ஒன்று, கோட்டைமேடு பூஜ்யம்!

இளவஞ்சி நேராகப் பயிற்சியாளரிடம் வந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மேடம், வருஷம் பூரா பேச்சு வாங்கினது நான். இன்னிக்கு ஒரு நாள் என்ன வெளிய எடுக்காதீங்க. ஜெயிக்கறப்ப நான் உள்ள இருக்கணும்."

பக்கத்தில் நின்ற ஜெசிந்தா அதைக் கேட்டாள். முன்வரிசையில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இளவஞ்சியின் தோளில் கைவைத்துச் சொன்னாள்: "அவளே நிக்கட்டும் மேடம். நீங்க குடுத்த வாக்க நான் கேக்கல. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அதான் அவளே சொல்லிட்டாளே மேடம்!" என்றாள் ரஹ்மத் நிஷா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

சௌந்தரவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இளவஞ்சி, நீ கேக்கறது நியாயம். ஜெசிந்தா, உனக்குப் பெரிய மனசு. ஆனா இப்ப இறங்கப்போறது ஜெசிந்தாதான்."

வெளியே போனவள் மறுபடி இறங்க முடியாது. இளவஞ்சி பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே, பிடித்திருக்க வேண்டிய பந்து ஜெசிந்தாவின் கையிலிருந்து நழுவி வலைக்குள் உருண்டது. ஒன்றுக்கு ஒன்று. மைதானம் அடங்கிப்போனது. பழையபடி தோள்கள் தொங்கின.

அப்போது எல்லைக்கோட்டின் ஓரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஜெசி! போனது போச்சு! தலையத் தூக்குடி! அடுத்த பந்து உன்னோடது!"

இளவஞ்சிதான். முகத்தில் ஈரம் காயவில்லை. அந்த வருஷம் முழுவதும் அவளிடம் ஒருவரும் சொல்லாத வார்த்தை அது.

ஜெசிந்தா தலையைத் தூக்கினாள். அடுத்த பந்தை எகிறிப் பிடித்தாள். அதற்கடுத்ததைக் குத்தித் தள்ளினாள். தோள்கள் நிமிர்ந்தன. ஆட்டம் முடியப்போகும் தருணத்தில், கையில் விழுந்த பந்தை அவள் ஒரு கணமும் தாமதிக்காமல் நடுக்கோட்டைத் தாண்டி உதைத்தாள். ரஹ்மத் நிஷா அதைத் துரத்திப் பிடித்து, ஒருத்தியை ஏமாற்றி, ஓங்கி அடித்தாள். வலை குலுங்கியது. இரண்டுக்கு ஒன்று!

விசில் ஊதியதும் கோலை நோக்கி முதலில் ஓடியவள் இளவஞ்சி. ஜெசிந்தா அவளை அப்படியே தூக்கிச் சுற்றினாள். மற்றவர்கள் மேலே வந்து விழுந்தார்கள். முன்வரிசையில் ஒரு பஸ் ஓட்டுநர் வாயில் விரல் வைத்து விசிலடித்துக்கொண்டே இருந்தார்.

வென்றுவிட்டார்கள் என்பதற்காகச் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கடைசிப் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கலாம். உழைத்துப் பெற்ற இடத்தைக் கேட்டாள் இளவஞ்சி. தனக்கு உரியதை விட்டுக்கொடுத்தாள் ஜெசிந்தா. இருவர் பேச்சையும் மீறினார் சௌந்தரவல்லி. இடைவேளையில் இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சௌந்தரவல்லி செய்ததே சரி. வாக்கைப் பெற்றவர் வேண்டாம் என்றால் வாக்குத் தீர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் தோழி எதிரில் அழும்போது, அணி முழுவதும் தன் வாயையே பார்க்கும்போது, ஜெசிந்தாவால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மனமார விட்டுக்கொடுக்க அங்கே இடமே இல்லை. இளவஞ்சி கேட்டது நியாயம்தான்; ஆனால் கேட்ட பொருள் ஏற்கெனவே இன்னொருத்திக்குச் சொந்தம். தோற்கும்போது மட்டும் செல்லும் வாக்கை வாக்கு என்று எப்படிச் சொல்வது? தோற்றிருந்தாலும் சௌந்தரவல்லி செய்தது சரியாகவே இருந்திருக்கும். அதை வெற்றியாகவும் ஆக்கியவள் இளவஞ்சி. பந்து நழுவிய அந்த நேரத்தில், 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.