அட்டவணையில் இல்லாத வேகம்

தூத்துக்குடியில், வீட்டிலிருந்தே வானொலி அலையில் பேசும் ஹாம் ரேடியோ சொல்லிக்கொடுக்கும் பிலோமினா டீச்சருக்கு ஒரே ஒரு சிஷ்யர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சுயம்புலிங்கம். டீச்சரைவிட நன்றாகவே மூத்தவர்.

அன்று காலை சுயம்புலிங்கம் வீட்டுக் கூடம் முழுக்கக் கேபிள் துண்டுகள் கிடந்தன.

"இந்தத் தடவையும் குட்டையாப் போச்சு டீச்சர். ஆன்டெனாவுக்குக் கால் அலை நீளத்துல ஒரு துண்டு வேணும். கேபிளுக்குள்ள அலை மெதுவாத்தான் ஓடும், அது தெரியும். வெளியில ஓடுறதுல மூணுல ரெண்டு பங்கு வேகம்னு புத்தகத்து அட்டவணையில இருக்கு. அதை வச்சுத்தான் நறுக்கினேன்."

"இந்தக் கேபிள்கிட்ட கேட்டீங்களா?"

"கேபிள்கிட்ட என்னத்தக் கேக்க?"

அடுக்களை வாசலில் அவர் மனைவி குணசுந்தரி வந்து நின்றாள். போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு வார்த்தை வர நேரமாகும்.

"மா... மா..."

"மாத்திரையா? அது சாப்பிட்ட பொறவு."

அவள் சுவரைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

சுயம்புலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. இவ என்னடான்னா நாளுக்கு நாள் கொறைச்சுக்கிட்டே வாரா. இப்படியே ஊமையாப் போயிருவாளோன்னு பயமா இருக்கு டீச்சர்."

டீச்சர் மிச்சமிருந்த கேபிளை நீட்டி அளந்தார். ஒரு முனையை அனலைசர் என்ற அளவுக் கருவியில் மாட்டினார். மறுமுனையில் மாட்ட சுயம்புலிங்கம் ஆன்டெனா வயரை எடுத்தார்.

"அதை வெறுமனே விடுங்க அண்ணாச்சி. நாம அனுப்புறது கடைசி வரைக்கும் போய், அதுவாத் திரும்பி வரணும். அங்க நம்ம சரக்கு எதுவும் வேண்டாம்."

டீச்சர் கருவியின் குமிழை மெல்லத் திருப்பினார். ஓரிடத்தில் முள் அடியில் போய்ப் படுத்தது. காகிதத்தில் கணக்குப் போட்டார்.

"அஞ்சுல நாலு பங்கு. இது உள்ள நுரை வச்ச கேபிள். உங்க அட்டவணை வேற கேபிளுக்கு. இதுல அலை இன்னும் வேகமா ஓடும், துண்டும் நீளமா வேணும்."

"அப்ப நான் நறுக்கினது?"

"கால் அலை முடியுறதுக்கு முன்னாடியே நறுக்கிட்டீங்க."

சுயம்புலிங்கம் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். ஒட்டுப் போட்டு மாளாது.

குணசுந்தரி மறுபடி வாசலில் வந்து நின்றாள்.

"மா..."

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். டீச்சர் கையிலிருந்த கேபிளின் வெறும் முனையை லேசாக உயர்த்திக் காட்டினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

தெருவில் மீன்காரரின் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே வந்தது; அடித்துக்கொண்டே போயும் விட்டது. குணசுந்தரியின் உதடு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

"எவ்வளவு நேரம் டீச்சர்?" என்று முணுமுணுத்தார்.

"அது அட்டவணையில இல்ல."

"மாடிக்கு," என்றாள் குணசுந்தரி. மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆன்டெனா... கட்டும்போது... நானும்... வரட்டா?"

இந்த முறை தலையாட்டியது சுயம்புலிங்கம்.