மரக்கால் குடித்த தண்ணீர்

கரகரவென்று கேட்டுக்கொண்டிருந்த ஆட்டுரல் சத்தம் சட்டென்று நின்றது. ஜமீன் சமையற்கட்டுக்குள் மணியக்காரர் விருத்தகிரி அளக்கும் மரக்காலோடு நுழைந்திருந்தார்.

“ஏ பூவாயி, மரக்கால் நிறையப் பலாச்சுளை கொடுத்தேன். அரைச்ச விழுது முக்கால் மரக்கால்தான் இருக்கு. மீதி உன் வயித்துலயா? நிறைச்சுக் காட்டு. இல்லேன்னா திருடின்னு துரத்திருவேன்.”

“என் கைதான் திருட்டுக் கை சாமி. உங்க கையாலேயே இன்னொரு மரக்கால் சுளை அளந்து வைங்க.”

அவர் விளிம்பு தட்ட அளந்து வைத்தார்.

“நிறைஞ்சிருச்சா சாமி?”

“கண்ணு தெரியலையா? எள்ளு போட இடமில்ல.”

பூவாயி அதன்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டுகூட வழியவில்லை. இன்னொரு செம்பும் உள்ளே போனது.

“இம்புட்டுத் தண்ணி எங்க போச்சு? சுளைக்கு நடுவுல இருந்த இண்டு இடுக்கையும் நீங்க பழம்னு அளந்தீங்க. அரைச்சதும் அது போயிருச்சு. அதை நான் எப்படித் திருட?”

சமையல்காரர்கள் சிரித்தார்கள். மணியக்காரரும் மீசையைத் தடவிக்கொண்டு, “கெட்டிக்காரிதான்” என்று சிரித்தார்.

பூவாயி சிரிக்கவில்லை. “போன திருவிழாவுல இதே குறைக்குத்தான் எங்க அக்காவை மொட்டையடிச்சு விரட்டுனீங்க. அவளைக் கூட்டியாரட்டுமா சாமி?”

சிரிப்பு நின்றது.

“பந்திக்கு நேரமாச்சு, அரைடி” என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

பூவாயி நனைந்த சுளைகளை அள்ளி உரலில் போட்டுவிட்டுக் குழவியைப் பிடித்தாள்.