எருமையிடம் பேசிய தவளை

கோரைக்குளத்து நீர்ப்பறவையான நாமக்கோழிக்கு வாத்துப் பாஷை தெரியும். அதாவது, போன வருஷம் தெரிந்தது.

பனிக்காலம் வந்தால் மலைகளைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அந்தக் குளத்துக்கு வரும். போன வருஷம் அவை தங்கியிருந்த நாளெல்லாம் நாமக்கோழி அவற்றோடு ஒட்டிக்கொண்டு திரிந்தது. கிளம்பும்போது வாத்துத் தலைவியே, "அடியே, எங்க ஊர்ப் பொண்ணு மாதிரியே பேசுறியே!" என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு நிமிர்ந்த நாமக்கோழியின் கழுத்து அப்புறம் குனியவே இல்லை.

அதே குளத்தில் ஒரு தவளை. வாத்துகளிடம் மிதிபட்டு, திட்டு வாங்கி, நாலு வார்த்தை பொறுக்கி வைத்திருந்தது. வாத்துகள் பறந்து போனதும் அது நாமக்கோழியிடம் ஓடியது.

"அக்கா, தினமும் கொஞ்ச நேரம் வாத்துப் பாஷையில பேசிக்கலாமா? இல்லாட்டி மறந்து போயிடும்!"

"உன்னோடவா? உன் கரகரப்பு எனக்கு ஒட்டிக்கிட்டா என் உச்சரிப்பு என்ன ஆகிறது? பேசினா வாத்துகளோட பேசுவேன். அதுவரைக்கும் எல்லாம் மனசுக்குள்ள பத்திரமா இருக்கும். போடா!"

தவளை சும்மா இருக்குமா? சேற்றில் ஊறிக் கிடந்த எருமையின் முதுகில் ஏறிக்கொண்டது. விடிந்ததில் இருந்து வெயில் ஏறும் வரை ஓயாத பேச்சு. தண்ணீர் குறைவதைச் சொன்னது. கொசு கிடைக்காததைச் சொன்னது. முதுகில் அடித்த எருமை வாலைத் திட்டியது. எல்லாம் வாத்துப் பாஷையில்! பாதி தப்பு. வார்த்தை அகப்படாத இடத்தில் காலை ஆட்டிக் காட்டிவிட்டு மேற்கொண்டு பேசியது.

குளமே சிரித்தது.

"ஏன்டா, எருமைக்கு என்னடா புரியும்?" என்றது நண்டு.

"அதுக்குப் புரிஞ்சு என்ன ஆகணும்? என் வாய்க்குப் பழகணும்!"

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வாத்துகள் வரும் பனிக்காலமும் நெருங்கியது. குளம் சுருங்கிச் சுருங்கி, கோரைப்புல் மூலையில் மட்டும் தண்ணீர் பளபளத்தது. அந்த மூலையில்தான் நாமக்கோழியின் கூடு. அதில் நேற்றுப் பொரிந்த குஞ்சுகள். கூட்டைவிட்டு இறங்கக்கூடத் தெரியாதவை. மேற்கே கருவேல மரங்களுக்குப் பின்னால், மதகுப் பள்ளத்திலும் நல்ல தண்ணீர் கிடந்தது. ஆனால் மரங்கள் மறைப்பதால் பறந்து வரும் வாத்துகளுக்கு அது தெரியாது. வாத்துக் கூட்டம் மொத்தமாகக் கோரையில் வந்து விழுந்தால் கூடும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது.

"நான் இருக்கேன். இறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்!" என்றது நாமக்கோழி.

சொன்னதே தவிர, நிலைகொள்ளவில்லை. கூட்டுக்குள் போகும், வெளியே வரும், வாத்துகள் வரும் வடதிசையைப் பார்க்கும். மறுபடி உள்ளே போகும். மனசுக்குள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கும். பாதியில் அறுந்துவிடும். திரும்ப முதலிலிருந்து!

"அக்கா, வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லிப் பாரேன்!" என்றது தவளை.

"தப்பா வந்தா இந்தக் குளமே சிரிக்கும். நீ போய் உன் எருமையைக் கவனி!"

மறுநாள் காலை பனிமூட்டத்துக்குள் இருந்து இரைச்சல் கேட்டது. வந்துவிட்டன! வானமே இறங்குவது போல வந்தன. நேராகக் கோரை மூலைக்கு!

நாமக்கோழி கரையில் ஏறி அலகைத் திறந்தது. தலைவியை எப்படி அழைப்பது? மரியாதையாக எந்தச் சொல்? 'குஞ்சு'க்கு என்ன சொல்வார்கள்? நுனி நாக்கில் நின்றது, வெளியே வரவில்லை. "க்... க்..." என்றதோடு சரி. தலைவியின் கால்கள் கோரை நுனியைத் தொட நீண்டுவிட்டன.

தவளை எருமையின் கொம்பில் தாவி ஏறி, வாத்துப் பாஷையில் கத்தியது.

"ஏய்! அங்கே விழாத! குஞ்சு இருக்கான்! சின்னக் குஞ்சு சாகும்! மரம் பின்னாடி போ! தண்ணி ரொம்ப இருக்கு நீ!"

தலைவி படபடவென்று இறக்கையடித்து மேலே எழும்பியது. பின்னால் வந்த கூட்டமும் திரும்பியது. மரங்களுக்குப் பின்னால் தொபுக்கென்று சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் தலைவி நடந்து வந்தது. "யாரது என்னை அதட்டினது? உச்சரிப்பு சகிக்கலையே!"

"சகிக்க வேண்டாம்! புரிஞ்சுதா, இல்லையா?"

"புரியாமலா திரும்பினேன்?" என்று சிரித்தது தலைவி. பிறகு நாமக்கோழியைப் பார்த்தது. "நீ ஏன்டி பேசலை? இவனைவிட நல்லாப் பேசுவியே!"

"அழகாச் சொல்லணும்னு தேடிக்கிட்டே இருந்துட்டேன்" என்றது நாமக்கோழி. அதையும் தன் சொந்தப் பாஷையில்தான் சொல்ல முடிந்தது. தவளைதான் வாத்துக்கு எடுத்துச் சொன்னது.

மறுநாள் விடிந்ததும் எருமை முதுகில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"தள்ளி உட்காருடா!" வாத்துப் பாஷைதான். ஆனால் அரைகுறை.

"தப்பு, அக்கா!"

"இருக்கட்டும்! நாளைக்குத் திருத்திக்கிறேன். நீ பேசு!"

எருமை அசைபோட்டபடி கேட்டுக்கொண்டிருந்தது.

ஆங்கிலமானாலும் வேறு எந்த அயல்மொழியானாலும், சிரிப்புக்குப் பயந்து வாயை மூடி வைப்பவருக்கு அது சமயத்தில் கைகொடுக்காது. தப்பும் தவறுமாகத் தினமும் பேசிக்கொண்டே இருப்பவரிடம்தான் அது தங்கும்.