மழைக்கால விதி

"நீங்கள் ஒரு சொல் சொன்னால் போதும் அம்மா. கதவைத் திறந்துவிடுகிறேன்," என்றார் சாத்தையன்.

"அந்தச் சொல் என்னிடம் இல்லை," என்றார் வடிவம்மை.

வடிவம்மை அந்த மடத்தின் தலைவி. சாத்தையன் அவருடைய சீடர், வாசல் காவலர். வயதில் அவரைவிட மூத்தவர். ஒரு காலத்தில் அரண்மனைப் படைத்தலைவராக இருந்தவர். அங்கே அரசன் புருவத்தை அசைத்தால் கோட்டைக் கதவு திறக்கும்.

வெளியே மழை கொட்டியது. ஆறு பக்கத்து ஊரை அடித்துக்கொண்டு போயிருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் மடத்து வாசலில் நின்றாள்.

மடத்துக்கு ஒரு விதி இருந்தது. வெள்ளம் வடியும்வரை புதிதாக யாரையும் உள்ளே சேர்க்கக் கூடாது. முன்பொரு மழைக்காலத்தில் தானியம் தீர்ந்து, பசியில் சிலர் இறந்துபோனார்கள். அதன்பிறகு எல்லாரும் கூடி எழுதிய விதி அது. மாற்றுவதென்றால் நான்கில் மூன்று பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும்.

"மணியை அடியுங்கள். எல்லாரும் கூடிப் பேசட்டும்," என்ற வடிவம்மை ஓலைக்குடையை எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"வெளியே. உள்ளே வரத்தானே தடை."

அவர் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குக் குடை பிடித்தார்.

கூட்டத்தில் சாத்தையன் எழுந்து, விதியை மாற்றி அந்தப் பெண்ணை உள்ளே சேர்க்க வேண்டும், இது அம்மாவின் விருப்பம் என்றார். பல கைகள் உடனே உயர்ந்தன. ஆனால் போதவில்லை.

அடுக்களையைப் பார்த்துக்கொள்ளும் மருதாயி கை தூக்கவில்லை.

"அம்மாவின் விருப்பம் அரிசியாகுமா?" என்று கேட்டாள்.

அந்தப் பசிக்காலத்தில் தம்பியைப் பறிகொடுத்தவள் அவள். அவள் பேசப் பேச, உயர்ந்திருந்த கைகளிலும் சில இறங்கின.

சாத்தையனின் கை தன்னையறியாமல் இடுப்பில் இல்லாத வாளைத் தேடியது. பிறகு அவர் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"எப்படி எழுதினால் சரிப்படும்? நீயே சொல்லம்மா."

மருதாயி யோசித்தாள். வெள்ளத்தில் வீடிழந்தவர்களைச் சேர்க்கலாம் என்றாள். ஆனால் சேர்த்த நாள்முதல் எல்லாருடைய கஞ்சியிலும் ஓர் அகப்பை குறையும், தலைவிக்கும் சேர்த்துத்தான். அதையும் எழுதினால் தனக்குச் சம்மதம் என்றாள்.

முதலில் உயர்ந்தது அவள் கைதான்.

சாத்தையன் உயர்ந்த கைகளை எண்ணிப் பார்த்தார். வேண்டியதற்கு மேலேயே இருந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

இருந்தாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. ஒரு குழந்தையை இவ்வளவு நேரம் மழையில் காக்கவைத்தோமே என்று வடிவம்மையிடம் சொன்னார். ஆபத்து வேளையில் தலைவியே முடிவெடுக்கலாம் என்று இன்னொரு விதி எழுதிவிடலாம் என்றார்.

"கூட்டத்தில் கேளுங்கள். நான் சம்மதிக்க மாட்டேன்."

"உங்கள்மேல் யாருக்கு அம்மா சந்தேகம்?"

வடிவம்மை தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "எனக்குப் பிறகு இந்த இடத்தில் உட்காரப்போவது யார்?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது."

சாத்தையன் அடுக்களைக்குப் போனார். அந்தப் பெண் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மருதாயியின் மடியில் தூங்கியது.

அவரைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்தாள்.

"கதவைத் திறக்கச் சொன்ன மகராசர் யார் ஐயா? அவர் காலில் விழ வேண்டும்."

வடிவம்மை இருந்த பக்கம் கையை நீட்டப்போனார் சாத்தையன். நீட்டவில்லை.

"அப்படி ஒருவர் இங்கே இல்லை," என்றார். "உட்கார்ந்து குடி. அடுத்த கூட்டத்துக்கு நீயும் வர வேண்டும்."