எல்லாருக்கும் பொதுவான டிஸ்க்

“பார்ட்டிஷனா, சப்வால்யூமா? எது சரி டீச்சர்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் அருணகிரி. கடற்கரை ஊர் ஒன்றின் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரிப்பவர். கம்ப்யூட்டர் வேலையும் அவர் தலையில்தான். அந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜெய்னம்பு டீச்சர். வயதில் அருணகிரியைவிட இளையவர்.

“என்ன ஆச்சு, அண்ணாச்சி?”

“டிஸ்க் நிறைஞ்சு ஒலிபரப்பே நின்னு போச்சு. எல்லாத்தையும் சப்வால்யூமாப் போட்டிருந்தேன். ஒரே கூடத்துல ஆளுக்கொரு பாய் விரிச்ச மாதிரி. ஏதோ ஒரு புரோகிராம் கிறுக்குப் பிடிச்சு, தான் செய்யுறதையெல்லாம் லாக்குன்னு குறிப்பு எழுதித் தள்ளி, மொத்தக் கூடத்தையும் பிடிச்சிருச்சு. லாக்குன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.”

“அது தெரியுறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?”

அருணகிரி செருப்பைக் கழற்றினார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“அமலோற்பவத்தோட பதிவுகளை அழிச்சேன்.”

அமலோற்பவம் அவருடன் வேலை பார்ப்பவர். உப்பளம் உப்பளமாக அலைந்து, அங்கே வேலை செய்யும் பெண்களைப் பேசவைத்துப் பதிந்தவர். பேசியவர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை.

“இடம் வந்துச்சா?”

“வரலை. டிஸ்க் முன்னாடி இருந்த நிலைய அப்படியே எடுத்து வச்ச பழைய ஸ்னாப்ஷாட் அதையெல்லாம் பிடிச்சு வச்சிருந்துச்சு.”

“அப்போ பதிவு அதுக்குள்ள பத்திரமா இருந்திருக்கு.”

“இருந்துச்சு.”

“பெறகு?”

“ஸ்னாப்ஷாட்டையும் அழிச்சேன்.”

டீச்சர் தண்ணீர்ச் செம்பை அருணகிரி பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை.

“பார்ட்டிஷன் போட்டு, சுவர் வச்சு அறை அறையாப் பிரிச்சிருந்தா லாக் அதோட அறைக்குள்ளயே முட்டி நின்னிருக்கும், இல்லையா டீச்சர்?”

“நின்னிருக்கும்.”

“அப்போ பார்ட்டிஷன்தான் சரி.”

“சரி.”

“ஆனா ஒரு அறை நிறைஞ்சு வழியும், பக்கத்து அறை சும்மா கெடக்கும். அதுக்குத்தான சப்வால்யூம் போட்டேன்?”

“அதுவும் சரி.”

அருணகிரிக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வாரமாக அமலோற்பவம் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. டீ வைத்தால் எடுப்பதில்லை. டிஸ்க்கைப் பிரித்த விதம்தான் தப்பு என்று டீச்சர் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதை அந்தம்மாவிடம் கொண்டுபோய்ச் சொல்லலாம். அதற்குத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார்.

“என்ன டீச்சர் விளையாடுதீங்க? தப்பு எதுலன்னு கேக்கேன்!”

“சொல்லுதேன். உங்க நிகழ்ச்சியெல்லாம் எங்க இருந்துச்சு?”

“அதே டிஸ்க்குலதான். எல்லாருக்கும் பொதுதான?”

“நெறைய இருந்துச்சோ?”

“அந்தம்மாவோடதைவிட ரெண்டு மடங்கு இருக்கும். பதினஞ்சு வருச உழைப்பு டீச்சர்.”

“அதுல எவ்வளவு போச்சு?”

“ஒன்னுகூடப் போகலை,” என்றார் அருணகிரி.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.